கொலுப்படியில் வைத்த தொப்பி

வரது,

போனில் உன்னிடம் நான் எதையும் முழுதாகச் சொல்லி முடித்ததே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு, முட்டி வலியைப் பற்றி ஒரு பாட்டம் அழுது, விஷயத்துக்கு வருவதற்குள் உன் அறைக்குள் யாராவது வந்து சல்யூட் அடித்துவிடுவார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு முறையும் வந்ததில்லை. இப்போது ஓய்வு பெற்ற கையோடு உன் பழைய பையன்களைப் பார்க்க மலைக்குப் போயிருக்கிறாய். சனிக்கிழமை ராத்திரி டெல்லிக்கு இறங்கும்வரை போன் கிடைக்காது என்று உன் மனைவி சொன்னாள். அதனால் எழுதுகிறேன். இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி விமானத்தில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராவது இதை உன்னிடம் நீட்டுவார் என்று ஒரு நம்பிக்கை. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரலாமா என்று கோபித்துக்கொள்ளாதே. விஷயம் ஏற்கெனவே வீதியில்தான் நின்றுகொண்டிருக்கிறது, தலையில் தொப்பியோடு.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ காட்டூரில் அடிக்கல் நாட்டப் போகும் இடம் காலி மனை இல்லை. அங்கே வரிசையாக லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஸ்டெல்லா இருக்கிறாள். எந்த ஸ்டெல்லா என்று நீ கேட்க மாட்டாய். உன் அப்பா படுக்கையில் கிடந்த காலம் முழுதும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டியவள். கடைசி நாளில் நீ எங்கோ பெயர் சொல்லக்கூடாத இடத்திலிருந்து பேசியபோது, போனை அவர் காதோடு பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். நான் கூடத்தில் அழுதுகொண்டிருந்தேன். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்றுவரை அவள் அதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

உன்னைப் பற்றி ஊரே பேசுகிறது. உன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கே.கே. நகர் வரை கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெனரலைத் தெரியும். எனக்கு அதற்கு முன்னால் இருந்தவனையும் தெரியும். ஒரு வைகுண்ட ஏகாதசி அன்று கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாயே, அவனை. கோயில் முழுக்க நானும் அப்பாவும் தலைவிரி கோலமாகத் தேடினோம். நீ ஒரு தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாய். அழுகை இல்லை, கூப்பாடு இல்லை. நான் கட்டிக்கொண்டு அழுதபோது, "நான் நகர்ந்தா நீ தேடறது கஷ்டம்மா, அதான் அப்படியே நின்னேன்" என்றாய். அப்பா அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்குப் பெருமையாக இல்லை. குழந்தை என்றால் அழ வேண்டாமா?

நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா பேசியதை நினைத்து இப்போதும் சிரிப்பேன். "நம்மாத்துல கத்தி பிடிச்சவா எல்லாரும் தளிகை உள்ளே காய் நறுக்கத்தான் பிடிச்சிருக்கா" என்றார். பாங்கில் ஒரு வேலை, கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு, இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆனாலும் நீ அதிகாரியான அன்று வேட்டியும் கோட்டுமாக வந்து நின்றார். பெற்றவர்கள்தான் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். அவர் பழக்கமில்லாமல் ஊசியை உன் தோளிலேயே ஏற்றிவிட்டார். சட்டையில் ரத்தம் பொட்டாகத் தெரிந்தது. நீ இமைகூட அசைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, "வலிச்சிருக்கும், பாரேன், அசையவே இல்லை" என்று வழி நெடுக சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு நீ சிறப்புப் படைக்குப் போனாய். அதோடு உன்னிடமிருந்து ஊர்ப் பெயர்கள் வருவது நின்றுபோனது. நல்லா இருக்கேன், குளிர், மழை, பார்சல் வந்தது. இவ்வளவுதான். எனக்கென்று இருந்தது கொலு ஒன்றுதான். எல்லார் வீட்டிலும் படிக்குக் கீழே பார்க் கட்டுவார்கள், தெப்பக்குளம் கட்டுவார்கள். நான் உன் இடத்தைக் கட்டினேன். குளிர் என்று நீ சொன்ன வருஷம் பஞ்சு வைத்து மலை செய்தேன். மழை என்று சொன்ன வருஷம் கேழ்வரகை முளைக்க விட்டுக் காடு வளர்த்தேன். பண்ருட்டி பொம்மைகளில் சிப்பாய் கிடைக்காது என்பதால் பேண்டு வாத்தியக்காரர்களை வாங்கி, வாத்தியத்தைத் தாளில் சுற்றி மறைத்து, மலை மேல் ஏற்றினேன். சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் "மாமி, இந்த வருஷம் வரது எங்கே?" என்று மலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. இல்லை என்று சொல்லப் போவதில்லை.

ஒரு வருஷம் நவராத்திரி நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, அடையாளமே தெரியவில்லை. குளித்துவிட்டு வந்து மலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். வெகுநேரம் பார்த்தாய். பிறகு பாதி மலையில் இருந்த ஒரு பொம்மையை எடுத்து, பஞ்சின் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்தாய். விஜயதசமி ராத்திரி கொலு முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. அபசகுனம் என்று நான் கத்தினேன். எடுத்து நிமிர்த்தப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் எழுந்துக்க மாட்டாம்மா. நான்தான் இவனை இந்த வழியா போகச் சொன்னேன்" என்றாய். நான் பொம்மையை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் குடியரசு தினத்தன்று உன் நெஞ்சில் பதக்கம் குத்துவதை டிவியில் பார்த்தோம். அக்கம்பக்கத்தில் கைதட்டினார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகம். பெற்றவளுக்கு அந்தப் பதக்கம் ஒரு நாளும் சந்தோஷமாக இல்லை.

பிறகு ஒவ்வொரு படியாக மேலே போனாய். காரில் கொடி வந்தது, நட்சத்திரம் வந்தது. ஜெனரல் ஆகி முதல் தடவை வந்தபோது காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. இனிமேல் உனக்கு ஆபத்து இல்லையே என்று நான் ஆசையாகக் கேட்டேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "இப்போ நான் போறதில்லைம்மா, அனுப்பறேன். போறது எவ்வளவோ சுலபம்" என்றாய். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அனுப்புகிறவனுக்கு ராத்தூக்கம் போகிறது என்றால் அவன் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை எழுதும் தைரியமே அந்த வார்த்தையால்தான் வருகிறது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கே சில பேர் போகிறார்கள், வரது. நீ அனுப்பாமலேயே போகிறார்கள்.

அந்த அகாடமிக்காரரை உனக்கு நன்றாகத் தெரியும். ராணுவத்தில் சேர விரும்பும் பையன்களுக்கு ஓடவும் தாண்டவும் பயிற்சி கொடுக்கிறார். மனை வாங்கி விற்பதும் அவர் தொழில் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. போன நவராத்திரிக்கு நீ வந்திருந்தபோது உன்னைக் கொள்ளிடம் மணலுக்கு அழைத்துக்கொண்டு போனார். விடிகாலையில் அத்தனை பையன்களும் வரிசையில் நின்றார்கள். நானும் பெருமையாகக் காரில் உட்கார்ந்து கேட்டேன். "அடிக்கறவனைப் பாத்து யாரும் ரொம்ப நாள் பயப்பட மாட்டாங்க. பேசாம, நகராம நிக்கறவனைப் பாத்துதான் பயப்படுவாங்க" என்றாய். பையன்கள் கைதட்டவில்லை. அசையாமல் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை. குளிருகிறது என்று கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நல்ல வெயில் வந்துவிட்டிருந்தது.

அந்த வருஷக் கொலுவில், சிறப்புப் படையில் நீ போட்டிருந்த பழைய மெரூன் தொப்பியை வைத்திருந்தேன். பீரோவில் பாச்சா உருண்டையோடு கிடந்ததை எடுத்து, மேல்படியில் இருக்கும் பெருமாளுக்கு ஒரு படி கீழே பட்டுத்துணி விரித்து வைத்தேன். அகாடமிக்காரர் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பையன்கள் கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும், ரெண்டே நாளில் கொண்டு வந்து தருகிறேன் என்றார். கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுத்தேன். கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். என் பிள்ளை தொப்பியை ஊர் பார்க்கட்டும் என்ற ஆசையில் அது மறந்துபோயிற்று. சொன்னபடி திருப்பிக் கொடுத்தார். உள்பட்டையில் சாக்பீஸ் கோடு இருந்தது. தையல்காரர் அளவெடுத்த கோடு என்று பொங்கல் சமயத்தில்தான் புரிந்தது.

பொங்கலுக்குக் கரும்பு வாங்க காந்தி மார்க்கெட் போனேன். கூட்டம் நெரிந்தது. திடீரென்று எனக்கு முன்னால் வழி விட்டது. மூட்டை தூக்குகிற ஆட்கள்கூடச் சுமையோடு ஒதுங்கி நின்றார்கள். தொப்பி போட்ட பையன்கள் நாலைந்து பேர் வந்தார்கள். உன் தொப்பியேதான். நிறம், மடிப்பு, காதுப் பக்கம் சரிவு எல்லாம் அப்படியே. ஒரு கடை முன்னால் நின்றார்கள். ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்லாவிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அவர் என்ன கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று கரும்புக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்கம்மா, கரும்பு எந்தக் கட்டு வேணும்னு சொல்லுங்க" என்றார். நான் யாருடைய அம்மா என்று அவருக்குத் தெரியாது. ஒரு கட்டைக் காட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா வந்தாள். அப்பா போன பிறகும் அவள் மாசம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவது உனக்குத் தெரியும். அந்த லைன் வீடுகளின் சொந்தக்கார அம்மாள் இறந்ததும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இடத்தை அகாடமிக்காரருக்கு விற்றுவிட்டார்களாம். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை யாரையும் கிளப்பக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. "யாரும் எங்களைக் கிளப்பலைங்கம்மா. பசங்க வந்து நிக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றாள். விடிகாலையில் வருகிறார்களாம். ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே ஒருவன். குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடம் போகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கெட்ட வார்த்தை இல்லை, கை நீட்டல் இல்லை. முதலில் ஒரு குடும்பம் போயிற்று. பிறகு அடுத்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், ரோட்டில் நிற்பது குற்றமா என்று கேட்டார்களாம். அங்கே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அகாடமிக்காரரோடு நீ கைகுலுக்கும் படம் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நான் உடனே அகாடமிக்காரரைக் கூப்பிட்டேன். மறுநாளே ஆப்பிள், சாத்துக்குடியோடு வந்து காலில் விழுந்தார். நான் கேட்டதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபமே இல்லை. "ஜெனரல் சார் சொல்லிக் கொடுத்ததைத்தாம்மா பசங்க பழகுறாங்க. ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்களே" என்றார். பிறகு எழுந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டுக் கதவு வரை போய், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய வீட்ல தனியா இருக்கீங்க. நாளையிலேர்ந்து ரெண்டு பசங்களை வாசல்ல நிறுத்துறேன். உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். வேண்டாம் என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வந்துவிட்டார்கள். பால்காரர், பூக்காரி, எதிர்வீட்டு மாமி, யார் வந்தாலும் பெயர் கேட்டார்கள். நான் மருந்துக் கடைக்குப் போனால் ஒருவன் பின்னால் வந்தான், பையை வாங்கிக்கொண்டான், பாட்டி மெதுவாக வாங்க என்றான். வைய முடியவில்லை. வைவதற்கு அவன் இடமே தரவில்லை. ஸ்டெல்லா வந்த அன்று அவளை வாசலிலேயே நிறுத்தி, எந்த வீடு, எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. காலையில் கோலம் போடக் கதவைத் திறக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு தொப்பிகள் நிற்கும். அவர்கள் வயதில் நீ நின்ற அதே நிலை. சொந்த வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நான் தயங்கி நின்றிருக்கிறேன், வரது. எழுபத்தெட்டு வயதில் இது எனக்குப் புதிது.

வாசலில் பையன்கள் நிற்பதைப் போனில் சொல்ல ஆரம்பித்தபோதே நீ சிரித்தாய். "ஒழுங்கான பசங்கம்மா. நீ சீரியல் ஜாஸ்தி பாக்கறே" என்றாய். சரி, நான் பைத்தியக்காரி என்றே வைத்துக்கொள். ஆனால் அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகர் மைதானத்தில் நீ உன் கையால் பையன்களுக்குத் தொப்பி அணிவிக்கிறாய். அவர்களுடைய அமைப்புக்குத் தலைவராகப் பொறுப்பு ஏற்கிறாய். பிறகு திறந்த ஜீப்பில் நீ முன்னால் போக, அவர்கள் பின்னால் அணிவகுக்க, காட்டூர் போய் அந்த அமைப்பின் பாசறைக்கு அடிக்கல் நாட்டுகிறாய். ஒரு மலையில் ஒருவனை ஒரு வழியாகப் போகச் சொன்னதற்காக இத்தனை வருஷம் தூங்காமல் இருந்தவன் நீ. இந்தப் பையன்கள் எந்த வழியாகப் போகிறார்கள், யார் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்காமல் நீ தொப்பி வைத்தால், இனி அவர்கள் எங்கே போய் நின்றாலும் நீ அனுப்பியதுதான். நல்லவன் பெயரை நம்பி வாசலைத் திறக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். நானே திறந்தவள்தான்.

உன் பெயரைத் துடைத்து வைத்துக்கொள்ளத் தெரியாதவன் இல்லை நீ. ஆனால் புகழ் என்பது உனக்கு எப்போதுமே கொஞ்சம் அசட்டுத்தனமான விஷயம். பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாய், யாராவது மாலை போட வந்தால் கூச்சத்தில் நெளிவாய், மறுக்கவும் தெரியாது. மறுப்பது மரியாதை இல்லை என்று அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பயம், அதுவும் எனக்குப் புரிகிறது. நாற்பது வருஷம் நாலு பேரைக் கூப்பிட்ட குரலுக்கு வீட்டில் வேலைக்காரி மட்டும்தான் ஏன் என்று கேட்பாள். அப்போது ஒரு கூட்டம் வந்து வரிசையில் நின்றால் மனசு குளிரத்தான் செய்யும். அதற்குப் பதில் நீ என்னோடு காய்கறி நறுக்கு, கோயிலுக்கு வா, சண்டை போடு. அந்தக் குளிர்ச்சிக்காக இவர்களை ஏற்றுக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தை நான் ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டிலிருந்து எழுதவில்லை. நேற்று மத்தியானம் தாயாரைச் சேவிக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். இரண்டு பையன்களும் கூடவே வந்தார்கள். தெற்கு வாசலில் செருப்பைக் கழற்றி அவர்கள் பொறுப்பில் விட்டேன். உள்ளே போனேன், தாயாரையும் சேவித்தேன், கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாக வெறுங்காலோடு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். உனக்கு இந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம். சாயங்காலம் எதிர்வீட்டு மாமிக்குப் போன் செய்தேன். நம் வீட்டு வாசலில் அவர்கள் வழக்கம்போலவே நிற்கிறார்களாம். பாட்டி உள்ளே படுத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். காவல் காக்கச் சொன்ன ஆளைக் கோட்டை விட்டோம் என்று எந்தப் பையனுக்குத்தான் சொல்ல வாய் வரும்?

நான் காட்டூரில், ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறேன். இப்போது இந்த வரிசையில் விளக்கு எரிவது இந்த வீட்டிலும் இன்னும் ஒரு வீட்டிலும்தான். என்னைப் பார்த்ததும் அவள் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு ரசம் வைத்தாள். நான் இங்கே இருப்பது தெரிந்தால் அவர்கள் அண்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன். ஜெனரலின் அம்மா உட்கார்ந்திருக்கும் வீட்டு வாசலில் எவன் வந்து நிற்பான்?

இன்று காலை வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவனாகத் தெரிந்த ஒருவன் கதவருகே வந்து, உள்ளே புதிதாக யார் என்று கேட்டான். ஸ்டெல்லா நிமிர்ந்து நின்று, "ஜெனரல் சாரோட அம்மா" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். செருப்பில்லாத கால், ஸ்டெல்லாவின் பழைய நைட்டி, கலைந்த தலை. அவன் போனை எடுத்து யாரிடமோ விசாரித்தான். ஜெனரல் அம்மா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள், நம் பையன்கள் காவலுக்கு நிற்கிறார்கள் என்று பதில் வந்தது எனக்கே கேட்டது. அவன் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிப்பதில்லை. "பாட்டி, ஞாயித்துக்கிழமை காலைல ஜே.சி.பி. வருது. தலைவர் வர்றதுக்குள்ள எடத்தைச் சுத்தம் பண்ணணும்னு ஆர்டர். நீங்க உள்ள இருக்காதீங்க" என்றான். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. யார் ஆர்டர் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, வரது. உன்னிடம் இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. நீ பனியிலும் காட்டிலும் இருந்த வருஷங்களில்கூட, பயமில்லை, பெருமாள் இருக்கிறார் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு அவர்களுக்கு நான் உன் அம்மா இல்லை. காலி செய்ய மறுக்கும் ஒரு கிழவி, அவ்வளவுதான். ஸ்டெல்லாவுக்கு என்ன நடக்கிறதோ அதுவேதான் எனக்கும் நடக்கும். அவள் போகமாட்டேன் என்கிறாள். அவளை விட்டுவிட்டு நானும் போகமாட்டேன். விமான நிலையத்தில் மாலையோடும் ஜீப்போடும் நிற்பார்கள். கே.கே. நகர் மைதானம் பக்கத்தில்தான், முதலில் அங்கே போகலாம் என்பார்கள். போகாதே. ஒரு ஆட்டோ பிடித்து நேராகக் காட்டூருக்கு வா. அந்த ஜே.சி.பி. வந்து சேர்வதற்குள் வா.

அம்மா